வேலை என்ற இடத்தில் நான் எழுதியது

என் கண்ணுக்கு,

மாடி அறையை வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்து, போன வாரம் உன்னிடம் போனில் கேட்டேன், நினைவிருக்கும். "மேல உன்ற சாமானெல்லாம் கெடக்குது கண்ணு, என்ன பண்ணட்டும்?" என்றேன். நீ ஆபீஸில் இருந்தாய். "பழைய பேப்பர்காரருக்குப் போட்டுருங்கம்மா. கலரெல்லாம் காஞ்சு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாய். உன் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றவள் நான். அழுகிற பிள்ளையைத் தேற்ற எனக்குத் தெரியும். அழுவதை நிறுத்திவிட்டு, நோட்டை மூடி வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிற பிள்ளையிடம்தான் எப்போதும் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அதனால் பேசாமல் எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பு இந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதி எனக்கே நேற்றைக்கு முன்தினம்தான் தெரிந்தது.

போனை வைத்ததும் மாடி ஏறினேன். உன் மேசை நான்கு வருடத்துத் தூசியோடு அப்படியே இருந்தது. கலர் டப்பாக்கள் நீ சொன்னதுபோலக் காய்ந்து வெடித்திருந்தன. சுவரில் அந்தப் பெரிய தாள் மட்டும் ஒட்டியபடியே இருந்தது. தீப்பெட்டி அளவில் இருபத்து நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் கொசு காலளவு கோடுகள். படம் போடுகிற எந்தக் கதைப் புத்தகத்தையும் நீ அப்படித்தான் தொடங்குவாய். கதையை வாங்கிக்கொண்டு வந்து பத்து நாள் எதுவும் வரையமாட்டாய். படித்துக்கொண்டே இருப்பாய். சாப்பிடும்போது திடீரென்று, "ஏனுங்கம்மா, ஒரு இளவரசி மூணு நாள் நடந்து போனா அவ கால் எப்பிடி இருக்கும்?" என்பாய். பிறகு அந்தக் கட்டங்கள். முழுப் புத்தகமும் ஒரே தாளில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எட்டாம் பக்கத்திலேயே பூதம் தன் பயமெல்லாம் காட்டி முடித்துவிடும், கடைசிப் பக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சாது என்பாய். இரண்டு பக்கம் சேரும் மடிப்பில் யாருடைய முகமும் வந்துவிடக் கூடாது என்று அடிக்குச்சி வைத்து அளப்பாய். இளவரசியின் முகம் முதல் பக்கத்திலும் இருபத்து நான்காம் பக்கத்திலும் ஒரே முகமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் களிமண்ணில் அவள் தலையைச் செய்து, ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைவாய். அந்தக் களிமண் தலை இன்னும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. ஒரு காது மட்டும் உதிர்ந்திருக்கிறது.

காட்டுப் பூதம் ஒன்றுக்காக நீ மூன்று நாள் சத்தியமங்கலத்துக்குப் போய் மரங்களை மட்டும் வரைந்துகொண்டு வந்தாய். நான் சிரித்தேன். "இல்லாத பூதத்துக்கு இருக்கற மரம் எதுக்குக் கண்ணு?" என்றேன். "மரம் நெசமா இருந்தாத்தானுங்கம்மா பூதத்தை நம்புவாங்க" என்றாய். அன்று அதைக் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இப்போது யோசித்தால், முப்பத்தோரு வருடம் நான் பாடம் நடத்தியதும் அதே முறையில்தான். கண்ணுக்குத் தெரியாத காந்த விசையைச் சொல்வதற்கு முன் இரும்புத் தூளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். நீ என் மகன்தான் என்று எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பிழை கண்டுபிடிப்பது. மழையைத் திருடிய பூதம் கதைக்கு நீ முதல் படத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, ஒரு பக்கம் சூரியன் மறைகிறது, எதிர்ப்பக்கம் பிறை நிற்கிறது. நான் உடனே, "சாயங்காலம் சூரியனுக்கு எதிர்ல பிறை வராது. முழு நிலாதான் வரும். ஏழாங் கிளாஸ் பாடம்" என்றேன். "தெரியுமுங்கம்மா. அதும் முழு நிலாதான். பூதம் கடிச்சுபோட்டுது. மிச்சம்தான் அது" என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரிடமும் சொன்னேன். உன் புத்தகங்களை என் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன், "படம் எங்க பையன் போட்டதுங்க" என்று தலைமையாசிரியரிடம் நீட்டியிருக்கிறேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உன் கல்யாணத்துக்காக நான் ஒரு பொய் சொன்னது உன் வேலை எனக்குப் பிடிக்காமல் அல்ல. பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் பெருமையாக இருந்த அதே வேலை, சொந்தக்காரர்கள் கூடுகிற மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. உன் பெரியப்பா, அவருக்கே உரிய பாணியில், பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி, "தம்பி படம் போடறானாமா? நம்ம பம்ப்செட் கடைக்கு ஒரு போர்டு எழுதோணும், வரச் சொல்லு அம்மணி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் முதல் தப்பு.

அதன் பிறகு உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினோம். உன் அப்பா இல்லாததால் எல்லாப் பேச்சும் என் தலையில். ஜாதகம் பொருந்தும், குலம் கூட்டம் எல்லாம் சரியாக இருக்கும், "பையன் என்ன பண்றாருங்க?" என்று கேட்பார்கள். சொல்வேன். பிறகு, "கலந்து பேசிட்டுச் சொல்றனுங்க." அவ்வளவுதான். மூன்று இடம் அப்படியே நின்றுபோனது. உனக்கு முப்பது நெருங்கியது. நம் பக்கத்தில் முப்பது தாண்டிய மாப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அவர்களுடைய அம்மாக்கள் கோயிலில் என் பக்கத்தில்தான் நிற்பார்கள். அப்போது நீ பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போன் விளையாட்டுக்கான படங்கள் சில வரைந்து அனுப்பியிருந்தாய். அவர்கள் வேலைக்கே வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டும், வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கான விவரத்தாளில் வேலை என்ற இடத்தில் இருந்த உன் நிஜ வேலையை அழித்துவிட்டு, 'தனியார் மென்பொருள் நிறுவனம், பெங்களூரு' என்று எழுதினேன். உன்னிடம் சொல்லவில்லை. கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று வேறு இரண்டு முறை எழுதினேன்.

கிணத்துக்கடவிலிருந்து, நித்யா வீட்டிலிருந்து, ஒரே வாரத்தில் பதில் வந்தது. நாம் பெண் பார்க்கப் போன நாள் உனக்கு மறந்திருக்காது. கூடம் நிறைய ஆட்கள். நித்யா காபித் தட்டோடு வந்து நின்றாள். அவளுடைய சித்தப்பா, "மாப்ளைக்கு பெங்களூர்ல எந்த ஏரியாவுங்க?" என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். ஒரு நொடிதான் இருக்கும். அந்த ஒரு நொடியில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஒயிட்ஃபீல்டுங்க" என்றாய். அதுவரை உன்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நித்யா குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ஒத்தக்கால்மண்டபம் தாண்டும் வரை நான் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மலுமிச்சம்பட்டி சிக்னலில் வண்டி நின்றபோது, "அந்தக் கம்பெனில இன்னும் கூப்பிட்டுட்டுத்தான் இருக்காங்கம்மா. போய்ச் சேர்ந்துக்கறேன்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். என்னைப் பொய்க்காரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, நான் எழுதிய பொய்யை நீ போய் உண்மையாக்கிவிட்டாய். அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து சாமிக்கு விளக்குப் போட்டேன். நல்லபடியாக முடிந்தது என்று.

நீ அன்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. குற்றத்தை உன் பக்கம் தள்ளுகிற பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை கரும்பலகையில் இதயத்தின் படத்தைப் போட்டு, வலது அறையையும் இடது அறையையும் மாற்றிக் குறித்துவிட்டேன். மணி அடித்தபோது கவனிக்கவில்லை. அடுத்த நாள் பார்த்து, பலகையில் சரியாகப் போட்டுக் காட்டி, "நேத்து டீச்சர் தப்பாப் போட்டுட்டேன், திருத்திக்குங்க" என்றேன். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். பரீட்சையில் பாதிப் பேர் தப்பாகவே போட்டிருந்தார்கள். பலகையில் இருந்தது என் கையால் ஒரு தடவு தடவியதும் போய்விட்டது. அவர்கள் நோட்டில் பேனாவால் எழுதியது போகவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உன் விஷயத்தில் நான் பலகையைக்கூடத் துடைக்கவில்லை. நான்கு வருடமாக, "பையன் பெங்களூர்ல ஐ.டி.ல இருக்கானுங்க" என்று கேட்பவர்களிடமெல்லாம் அதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

மாடியிலிருந்து இறங்கி வந்ததும் சென்னைப் பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். மழையைத் திருடிய பூதத்துக்கு நீ ஒன்பது பக்கம் வண்ணம் தீட்டி முடித்திருக்கிறாய், மீதிப் பக்கங்கள் பென்சிலில் இருக்கின்றன, இப்போது அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க நினைத்தேன். உன்னிடம் கேட்காமல்தான், மறுபடியும். அங்கே புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிற பதிப்பாசிரியர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கதையை அப்பவே வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்மா. புத்தகமும் வந்துடுச்சு. அவரு நல்லா இருக்காரா? கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். கிராஸ்கட் ரோடு கடையில் தேடி வாங்கி வந்தேன். நல்ல படங்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பூதம் நன்றாகப் பயமுறுத்துகிறது. நிலாவை யாரும் கடிக்கவில்லை. முழுசாக, சரியான திசையில், பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கண்ணு, நான் சமையலறைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். போனது போனதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு மேல் எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. நான்கு வருடமாக நான் ஏமாற்றி வந்த மனிதரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறி உன் மாமனாரைப் பார்க்கப் போனேன். தோப்பில் சொட்டுநீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தார். "வாங்க டீச்சர், வாங்க! பஸ்ஸுலயா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா கார் அனுப்பியிருப்பனுங்களே" என்று சொல்லிக்கொண்டே இளநீர் வெட்டினார்.

"உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிப்போட்டனுங்க" என்றேன்.

"அட, பொய் சொல்லாதவங்க ஆருங்க? மொதல்ல இளநி குடிங்க."

"கல்யாணத்துக்கு முன்னாலங்க. பையனுக்கு பெங்களூர்ல வேலைன்னு எழுதினனில்லீங்க, அப்ப அவன் அங்க வேலையில இல்லீங்க. ஊட்ல உக்காந்து கதைப் பொஸ்தகத்துக்குப் படம் போட்டுட்டிருந்தானுங்க."

அவர் அரிவாளை மட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு, "தெரியுமுங்க டீச்சர்" என்றார்.

வாய்க்குக் கொண்டுபோன இளநீரை இறக்கினேன். "எப்பிடிங்க?"

"ஏனுங்க, விசாரிக்காமயா பொண்ணு குடுப்போம்? ஜாதகம் வந்த அடுத்த நாளே உங்க தெரு மளிகைக் கடையில வந்து கேட்டனுங்க. மாப்ள பேரைச் சொன்னதும் கடைக்காரரு, 'பொஸ்தகத்துக்குப் படம் போடறவருங்களா? என்ற பொண்ணு அவரு படத்தைக் காட்டுனாத்தான் சோறே திங்குது'ன்னாருங்க. சரி, அதையும்தான் பாத்துருவோமுன்னு ஒரு பொஸ்தகம் வாங்கிட்டு வந்து நித்யா கையில குடுத்தனுங்க. ரெண்டு நாளு கீழ வெக்கலீங்க. 'பூதத்துக்குக்கூட அழுகாச்சி மூஞ்சி போட்டிருக்காரு பாருங்கப்பா. இந்த மனுசன் ஆரையும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு. இவரையே பாருங்க'ன்னு சொல்லிப்போட்டுதுங்க."

"அப்புறம் ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?"

"எப்பிடிங்க கேக்கறது? டீச்சர் உங்க கையால எழுதிக் குடுத்திருக்கீங்க, அது தப்புன்னு நான் சொல்றதுங்களா? மரியாதையா இருக்குமுங்களா அது? நேர்ல வந்தப்ப மாப்ளயும் ஒயிட்ஃபீல்டுன்னாரு. புதுசா சேர்ந்துட்டாரு போல, அவருக்கும் அதுதான் புடிச்சிருக்குது போலன்னு விட்டுட்டனுங்க. நித்யாதான் ஒருக்கா மாப்ளகிட்டக் கேட்டுதாமுங்க, இப்பெல்லாம் ஏன் படம் போடறதில்லீங்கன்னு. அது சும்மா பொழுதுபோக்குக்குப் போட்டதுன்னாராம். புடிக்காத பேச்சை எதுக்கு எடுக்கோணும்னு அதும் விட்டுப்போட்டுது."

உள்ளே போய் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். நீ வரைந்த காட்டுப் பூதம். ஓரமெல்லாம் கைபட்டுத் தேய்ந்திருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணு, இதுதான் நான் சொல்ல வந்தது. அந்தப் பொய் தேவையே இருக்கவில்லை. நீ விட்டுக்கொடுத்ததை உன்னிடம் யாரும் கேட்கவே இல்லை. நித்யா அன்று குனிந்தது வெட்கத்தால் அல்ல. அவள் பார்க்க ஆசைப்பட்ட மனிதர், தான் அந்தப் படம் வரைகிறவர் இல்லை என்று அவள் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நீ பேசவில்லை. என் மரியாதைக்காக அவர்கள் கேட்கவில்லை. உன் மனம் நோகக் கூடாது என்று நித்யா கேட்கவில்லை. எல்லாருமே நல்லவர்கள். நான்கு வருடம் போய்விட்டது.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு மிச்சமிருக்கிறதா தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டது. வீட்டில் இருப்பவர்களிடம் இவ்வளவு மரியாதையாக இருக்காதே. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு. உன்னிடம் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல். கோபம் வந்தால் கோபப்படு. என்னிடமிருந்தே தொடங்கலாம். சனிக்கிழமை முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். நீ எவ்வளவு நேரம் சத்தம் போட்டாலும் நடுவில் பேசமாட்டேன்.

மாடி அறையை வாடகைக்கு விடவில்லை. பேப்பர்காரருக்கும் எதுவும் போடவில்லை. உன் தாள்களைத் துணி சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். மறுபடி வரை என்று எழுதக் கை வருகிறது. எழுதமாட்டேன். நீ இப்போது செய்கிற வேலை உனக்குப் பிடித்துப் போயிருக்கலாம், அதுவும் எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லையே. தாள்களைக் கேட்டால் அனுப்புகிறேன். எரித்துவிடச் சொன்னால், நீயே வந்து எரி. அதை மட்டும் என் கையால் செய்யச் சொல்லாதே.

உன் மாமனார் அப்போதே நித்யாவுக்குப் போன் போட எடுத்துவிட்டார். நான் அவர் கையிலிருந்து போனை வாங்கி வைத்தேன். "வேண்டாமுங்க. இதை அவன்தான் சொல்லோணும்" என்றேன். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் வாயைக் கட்டிட்டு இருக்கறனுங்க டீச்சர். அதுக்கு மேல என்னால ஆகாதுங்க" என்றார். அவரைப் பற்றி உனக்கே தெரியும், ஞாயிறு மதியம் வரை தாங்கினாலே பெரிது. கூரியர்காரர் வெள்ளிக்கிழமை காலையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். உனக்கு இரண்டு நாள் இருக்கிறது. அன்று அந்தக் கூடத்தில் நீ பேச வேண்டிய இடத்தில் நான் எழுதியது பேசிவிட்டது. இந்த முறை நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. நித்யா அருகில் போய் உட்கார்ந்து, நீ என்ன வேலை செய்கிறவன் என்று உன் வாயால் சொல்.

உன் அம்மா